மலைக்கு ஏற்ற பாலிஹவுஸ் ஷீட்: வாங்குவது முதல் கழற்றுவது வரை முழுமையான வழிகாட்டி

கோத்தகிரிக்குக் கீழே இருக்கும் என் பாலிஹவுஸின் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில்) முதல் ஷீட் இருபதாவது மாதம் போய்விட்டது. காற்றடித்துக் கிழியவில்லை. ஒரு காலையில் ஏணியில் ஏறி, கூரையில் பழுப்பாகத் தெரிந்த ஓர் இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். அப்பளம் போல நொறுங்கி விரல் வெளியே போனது. மூன்று ஆண்டு உத்தரவாதம் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். கிழிந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டு, சண்டை போடும் எண்ணத்தோடு மேட்டுப்பாளையம் இறங்கினேன். கடைக்காரர் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, உள்ளே கந்தகம் எரிக்கிறீர்களா?"

எரித்துக்கொண்டுதான் இருந்தேன். பாலிஹவுஸில் பாதி ஜெர்பெரா, பாதி கார்னேஷன் பூச்செடிகள். ஜெர்பெராவில் சாம்பல் நோய் வருகிறது என்று அந்தப் பக்கம் மட்டும் கந்தகப் பானைகளைத் தொங்கவிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கார்னேஷன் பக்கத்து ஷீட்டை அழுத்திப் பார்த்தேன். புதிது போலவே இருந்தது. ஒரே சுருள், ஒரே வெயில், ஒரே காற்று. ஒரு பாதி நொறுங்கியது, மறுபாதி அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டு உழைத்தது. அன்றுதான் ஷீட்டை 'கண்ணாடித்தாள்' என்று நினைப்பதை விட்டேன். அது ஒரு சமையல். உள்ளே என்னென்ன போட்டிருக்கிறார்கள், நாம் அதை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதன் ஆயுள்.

இந்த வழிகாட்டி நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் பாலிஹவுஸ் வைத்திருப்பவர்களுக்கும் வைக்கப்போகிறவர்களுக்கும். சமவெளிக்கு எழுதப்பட்ட குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் பாதி இங்கே பொருந்தாது.

முதலில், ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது

அடிப்படைப் பொருள் பாலிஎத்திலீன். எத்திலீன் வாயுவின் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்தால் கிடைப்பது. 1933 மார்ச்சில் இங்கிலாந்தில் கிப்சன், ஃபாசெட் என்ற இரு வேதியியலாளர்கள் எத்திலீனை மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்து வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, கலத்தின் அடியில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் தற்செயலாகப் படிந்தது. அதுதான் இன்றைய எல்டிபிஇ-யின், அதாவது அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீனின் தொடக்கம். பிளாஸ்டிக் தாளைப் போர்த்திய பசுமைக்குடில் அதற்குப் பிறகு வந்தது. 1948-ல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எமரி எம்மெர்ட் கண்ணாடி வாங்கப் பணமில்லாமல் மரச்சட்டத்தின் மேல் செல்லுலோஸ் வகைத் தாளைப் போர்த்தினார். அது பாலிஎத்திலீன் அல்ல. ஊட்டியில் 1960-ல் தொடங்கிய ஃபிலிம் தொழிற்சாலையை நினைவிருப்பவர்களுக்குச் சொன்னால், புகைப்படச் சுருளின் அடித்தாளுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன்.

எல்டிபிஇ-யின் சங்கிலியில் நிறையக் கிளைகள் உண்டு. அதனால் மென்மையாகவும் தெளிவாகவும் இருக்கும். ஆனால் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் அது பரவிவிடும். அதை ஈடுகட்ட எல்எல்டிபிஇ என்ற இன்னொரு வகைப் பாலிஎத்திலீனைக் கலக்கிறார்கள். அதில் கிளைகள் குட்டையாகவும் ஒழுங்காகவும் இருப்பதால் குத்தலையும் கிழிசலையும் நன்றாகத் தாங்கும். மெட்டலோசீன் என்ற வினையூக்கிகள் வந்த பிறகு சங்கிலிகளின் நீளத்தையும் கிளைகளின் இடைவெளியையும் இன்னும் சீராக வைக்க முடிந்தது. அதே தடிமனில் இன்று கிடைக்கும் ஷீட் முன்பு கிடைத்ததைவிட உறுதியாக இருப்பதற்கு இது ஒரு காரணம். மூன்றாவது சரக்கு இவிஏ. பாலிஎத்திலீன் சங்கிலியில் அங்கங்கே அசிடேட் குழுவைக் கோத்தது. இது ஏன் மலைக்கு முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இவற்றை உருக்கி, வட்ட வடிவ இடுக்கு வழியாக வெளியே தள்ளி, நடுவில் காற்றை ஊதி, பல மாடி உயரத்துக்கு ஒரு பெரிய குமிழாக மேலே இழுக்கிறார்கள். சோப்புக் குமிழ் ஊதுகிற அதே வேலைதான், அளவு மட்டும் வேறு. குமிழ் மேலே போகப் போக ஆறி, ஒரு குறிப்பிட்ட உயரத்தில் தெளிவு குறைந்து லேசாக மங்கும். சங்கிலிகளின் ஒரு பகுதி படிகமாக அடுக்கப்படும் இடம் அது. குமிழை எவ்வளவு அகலமாக ஊதுகிறார்கள், எவ்வளவு வேகமாக மேலே இழுக்கிறார்கள் என்ற விகிதம் தவறினால் ஷீட் ஒரு திசையில் வலுவாகவும் மறு திசையில் நார் நாராகக் கிழிவதாகவும் ஆகிவிடும். மூன்று, ஐந்து, ஏழு அடுக்குகளை ஒரே குமிழில் ஒன்றாக ஊத இப்போது இயந்திரங்கள் உண்டு. ஐந்து அடுக்கு என்றால் ஐந்து தாளை ஒட்டியது என்று பொருளல்ல. உருகிய நிலையிலேயே சேர்ந்து வருவதால் நகத்தால் பிரிக்க முடியாது.

படி 1: உங்கள் இடத்தை ஒரு தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் நான்கு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: உயரம், உறைபனி விழுமா, எந்த மழையின் பக்கம், காற்று எங்கிருந்து.

உயரம் புறஊதாக் கதிருக்காக. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதா ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தைவிட அங்கே ஷீட் வாங்கும் அடி ஐந்தில் ஒரு பங்கு அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் குளிர் நமக்கு உதவுகிறது. சிதைவு ஒரு வேதிவினை, சூடு குறைந்தால் அதன் வேகமும் குறையும். அதனால் மலையில் ஷீட் சீக்கிரம் போகும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. என் அனுபவத்தில் ஷீட்டின் நடுப்பகுதி நன்றாகவே உழைக்கிறது. போவது குழாயைத் தொடும் இடங்கள்தான்.

உறைபனி பள்ளத்தாக்கின் அடியில் விழும், மேட்டில் விழாது. ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் வெள்ளையாகப் படிந்திருக்கும்போது மேலே சரிவில் இருப்பவர் தோட்டத்தில் நீர்ப்பனியோடு முடிந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளத்துக்கு ஓடும். உங்கள் நிலத்தில் ஜனவரியில் புல் வெளுக்கிறதா என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள்.

மழையைப் பற்றி: கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. எந்த மாதத்தில் ஷீட் போடுவது என்பதை இது தீர்மானிக்கும். காற்று எங்கிருந்து என்பது ஐந்தாம் படியில் உதவும்.

படி 2: இரவை நினைத்து ஷீட்டைத் தேர்ந்தெடுங்கள்

விற்பனைத் துண்டறிக்கையில் பத்துப் பதினைந்து சொற்கள் இருக்கும். மலைக்காரருக்குத் தேவையானவை நான்குதான்.

தெர்மிக், அதாவது இரவில் வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கும் குணம். இதுதான் முதலில். பகலில் மண்ணும் செடியும் வாங்கிய வெப்பத்தை இரவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி விடுகின்றன. கண்ணாடி அதைத் தடுக்கும். சாதாரணப் பாலிஎத்திலீன் தடுக்காது, பாதிக்கும் மேல் வெளியே விட்டுவிடும். மேகமில்லாத, காற்றில்லாத தை மாத இரவில் வெறும் பாலிஎத்திலீன் குடிலுக்குள் வெளியைவிடக் குளிர் அதிகமாக இருப்பது கூட உண்டு. வெளியே கொஞ்சமாவது காற்று அசைந்து சூட்டைக் கலக்கும், உள்ளே அதுவும் கிடையாது. இவிஏ-யில் உள்ள அசிடேட் குழு இந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். அல்லது சீனக்களிமண், டால்க் போன்ற தாதுப் பொடியை நடு அடுக்கில் கலந்து அதே வேலையை வாங்குவார்கள். 'கூலிங் ஷீட்' என்று இன்னொன்றைக் காட்டுவார்கள். சூரியனின் வெப்பக் கதிரை வெளியே தள்ளும் சரக்கு அது, ஓசூருக்கும் அதற்குக் கீழேயும் நல்லது. கோத்தகிரியில் அதைப் போட்டால் காசு கொடுத்துக் குளிரை வாங்குகிறோம்.

ஆன்டி-டிரிப், அதாவது நீர் சொட்டாத குணம். பாலிஎத்திலீன் தண்ணீரை வெறுக்கும். ஈரம் அதன் மேல் முத்து முத்தாகத்தான் நிற்கும். விடியலில் அந்த முத்துகள் மொட்டின் மேல் சொட்டினால் சாம்பல் பூஞ்சணத்துக்கு (போட்ரைடிஸ், மேலே சொன்ன சாம்பல் நோய் வேறு) விருந்து. இதைத் தவிர்க்க, சோப்பு போன்ற குணமுள்ள ஒரு பொருளை ஷீட்டுக்குள் கலக்கிறார்கள். அது மெல்ல மெல்ல உள்பக்கத்துக்குக் கசிந்து வந்து, நீர்முத்துகளைப் படலமாக விரித்துவிடும். படலம் கூரைச் சரிவில் வழிந்து ஓரத்துக்குப் போகும். கூரை தட்டையாக இருந்தால் எந்த ஷீட்டும் சொட்டத்தான் செய்யும். இன்னொரு நேர்மையான விஷயம்: வழிகிற தண்ணீரோடு அந்தப் பொருளும் கழுவப்பட்டுப் போகும். மூடுபனி மாதங்கள் நீளமான இடத்தில் இந்தக் குணம் ஷீட்டின் ஆயுளுக்கு முன்பே தீர்ந்துவிடும். கசிந்து வராமல் மேற்பரப்பிலேயே நிலையாகப் பிடித்திருக்கும் சிலிக்கா நுண்துகள் பூச்சுகளை ஆய்வகங்களில் முயன்றுவருகிறார்கள். எனக்கு ஒரே ஓர் ஆய்வு விவசாயத்துக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டால் இதைத்தான் கேட்பேன்.

ஆன்டி-சல்ஃபர், அதாவது கந்தகத்தைத் தாங்கும் குணம். இதற்குத் தனிப்படி இருக்கிறது.

ஒளி. 85 சதவீதத்துக்குக் குறையாமல் ஒளி உள்ளே வர வேண்டும் என்பதுதான் மானியத் திட்டங்களில் கேட்கப்படும் அளவு. 'டிஃப்யூஸ்டு' என்றால் ஒளியைச் சிதறடித்து நிழல் விழாமல் பரப்புவது. சமவெளியில் அருமையான குணம். நமக்கு ஆண்டில் பல மாதம் மூடுபனியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் நான் சிதறலைவிட மொத்த ஒளியின் அளவுக்கு முன்னுரிமை தருவேன். புறஊதாவை முழுவதுமாக மறைக்கும் ஷீட்டும் உண்டு. சாம்பல் பூஞ்சணம் வித்து விட அந்தக் கதிர் தேவை என்பதால் நோய் குறையும், வெள்ளை ஈயும் தடுமாறும். ஆனால் தேனீயும் தடுமாறும். தக்காளி, குடைமிளகாய் போன்றவற்றுக்கு மகரந்தச் சேர்க்கையைத் தேனீயிடம் விடுகிறவர்கள் யோசித்து வாங்குங்கள்.

ஒளியைச் சிவப்பாக மாற்றித் தரும் ஷீட், குவாண்டம் புள்ளி கலந்த ஷீட் என்றெல்லாம் இப்போது பேசப்படுகின்றன. பயன்படாத கதிரை ஒளிச்சேர்க்கைக்கு உதவும் நிறத்துக்கு மாற்றுவது அவற்றின் கருத்து. அழகான அறிவியல்தான். நான் முதல் ஆளாக வாங்க மாட்டேன்.

படி 3: கடையிலேயே சோதித்துப் பாருங்கள்

பாலிஹவுஸ் ஷீட்டின் தடிமன் பொதுவாக 200 மைக்ரான் (0.2 மில்லிமீட்டர்). மனிதக் கண்ணுக்கு 200-க்கும் 170-க்கும் வித்தியாசம் தெரியாது. தராசுக்குத் தெரியும். பாலிஎத்திலீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.92 கிராம். அப்படியானால் 200 மைக்ரான் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 184 கிராம் இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 5.4 சதுர மீட்டர். சுருளின் எடையையும் நீள அகலத்தையும் வைத்து அங்கேயே கணக்குப் போடலாம். மாதிரித் துண்டு மட்டும் தந்தால், பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துல்லியமாக வெட்டி நகைக்கடைத் தராசில் வையுங்கள். 1.84 கிராம் காட்ட வேண்டும். 1.6 காட்டினால் உங்களுக்கு 175 மைக்ரானை விற்கிறார்கள். இவிஏ கூடுதலாக உள்ள ஷீட் சற்றே கனமாக இருக்கும். அந்தச் சிறு வித்தியாசத்துக்காகச் சண்டை போடாதீர்கள். மற்றபடி இந்திய தர நிர்ணயத்தின் ஐஎஸ் 15827 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது இழுவை. கூர்மையான பிளேடால் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு விழுந்தாலும் அங்கேயே கிழிந்து சோதனை கெட்டுவிடும். பட்டையின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் பேனாவால் இரண்டு கோடு. இரு முனைகளையும் விரலில் சுற்றிக்கொண்டு மெதுவாக இழுங்கள். முதலில் எதிர்க்கும். பிறகு ஒரு கணத்தில் விட்டுக்கொடுத்து நீளத் தொடங்கும். உள்ளே சுருண்டு கிடந்த சங்கிலிகள் அவிழ்ந்து இழுக்கும் திசையில் வரிசையாகும் நேரம் அது, கையில் நன்றாகவே உணரலாம். நல்ல புது ஷீட்டில் கோடுகள் இருபது சென்டிமீட்டர் தாண்டியும் விலகும். நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என இரண்டு பட்டையை இழுங்கள். ஒன்று நீண்டு மற்றது சட்டென அறுந்தால் குமிழ் ஊதியதில் கோளாறு.

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடுகு போலக் கட்டிகள் தெரிந்தால், மஞ்சள் சாயல் இருந்தால், பழைய பிளாஸ்டிக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆன்டி-டிரிப்பைப் பார்க்க ஒரு டம்ளர் வெந்நீர் போதும். டம்ளரில் பாதி வெந்நீர் ஊற்றி, வாயில் ஷீட் துண்டை வைத்து ரப்பர் பேண்டு போடுங்கள். எந்தப் பக்கம் உள்ளே வர வேண்டும் என்று சுருளின் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதைக் கவனித்து வையுங்கள். சற்று நேரத்தில் அடிப்புறம் முத்து முத்தாக வெளுத்தால் அந்தக் குணம் இல்லை. முதலில் மங்கி, பிறகு தண்ணீர் படலமாகி டம்ளரின் அடி தெளிவாகத் தெரிந்தால் சரி. கடைக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, ஆயிரம் சதுர மீட்டருக்கு 184 கிலோ வாங்கப் போகிறவர் நீங்கள்.

உத்தரவாத அட்டையில் ஆண்டுக்கணக்கோடு கிலோலாங்லி என்ற அளவு இருந்தால் அதையும் படியுங்கள். ஷீட் தாங்கும் மொத்த வெயிலின் கணக்கு அது. வெயில் குறைந்த நாட்டுக்கு எழுதிய 'நான்கு பருவம்' நம் வெயிலில் நான்கு ஆண்டு ஆகாது.

படி 4: சட்டத்தைத் தயார் செய்யுங்கள்

வெயிலில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் தொட முடியாத அளவுக்குச் சுடும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஷீட்டும் அதே சூட்டில் நாள் முழுக்க வேகும். அதனால்தான் பெரும்பாலான ஷீட்டுகள் குழாயின் கோட்டிலேயே அறுகின்றன. ஷீட் தொடும் பக்கத்தில் மட்டும் வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடியுங்கள். தண்ணீரில் கரையும் வகையாக இருக்க வேண்டும், நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஷீட் ஏற வேண்டும். தின்னர் வாடை இருக்கும்போது ஏற்றினால் அந்தக் கரைப்பான் பாலிமருக்குள் ஊறிவிடும். துரு இருந்தால் தேய்த்து எடுங்கள். இரும்பும் செம்பும் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும்.

கற்பூர மரக் கழிகளால் சட்டம் கட்டுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. கணுக்களைச் சீவி, பழைய ஷீட் பட்டையைச் சுற்றி, அதன் மேல் புதிது போடுங்கள். கரையானுக்கு அடிக்கும் மருந்து படிந்த இடம் ஷீட்டைத் தொடக்கூடாது. பிவிசி குழாயும் தொடக்கூடாது, வெயிலில் அதிலிருந்து வரும் அமிலம் நம் ஷீட்டின் காவலைக் கெடுக்கும்.

படி 5: ஏற்றும் நாள்

பாலிஎத்திலீன் வெப்பத்துக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். இருபது மீட்டர் நீளத்துக்கு இருபது டிகிரி வித்தியாசம் வந்தால் எட்டு சென்டிமீட்டர். விடியற்குளிரில் விறைப்பாகக் கட்டினால் மதியம் தொய்ந்து காற்றில் படபடக்கும். உச்சி வெயிலில் விறைப்பாகக் கட்டினால் இரவில் சுருங்கி, ஷீட்டைப் பூட்டும் ஸ்பிரிங்கைப் பிடுங்கும். இரண்டில் படபடப்புதான் பெரிய எதிரி. ஒரே இடம் ஆயிரக்கணக்கான முறை மடங்கி விரிந்தால் எந்தப் பாலிமரும் களைத்துப்போகும். என்னிடம் ஷீட் ஏற்ற வரும் அண்ணன் காலை ஒன்பது மணிக்கு முன் சுருளைப் பிரிக்கவே விட மாட்டார். "கையில் தொட்டால் ஷீட் சில்லென்று இருக்கக்கூடாது, அதே நேரம் காற்றும் எழுந்திருக்கக்கூடாது. அந்த இரண்டு மணி நேரம்தான் நமக்கு" என்பார்.

மாதம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. உறைபனி முடிந்திருக்கும், பெரிய காற்று தொடங்கியிருக்காது. ஆளைப் பிடிக்க முடியவில்லை என்று ஜூனுக்குத் தள்ளியவர்களின் ஷீட்டை அடுத்த தேயிலைத் தோட்டத்திலிருந்து எடுத்து வந்த கதை ஊருக்கு ஊர் உண்டு.

சுருளைத் தரையில் இழுக்காதீர்கள். முதலில் உச்சியைப் பூட்டி, பிறகு இரு பக்கமும் சமமாக இழுத்து, அலுமினிய சேனலில் ஜிக்ஜாக் ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டுங்கள். காற்று வரும் பக்கம் இரட்டை ஸ்பிரிங். ஆணி கூடவே கூடாது. ஏற்றி முடித்ததும் மீந்த ஷீட்டில் ஒரு முழம் வெட்டி, தேதி எழுதி, கறுப்புத் தாளில் சுற்றி இரும்புப் பெட்டியில் வையுங்கள். இதை யாரும் செய்வதில்லை. செய்தால் என்ன பயன் என்று ஏழாம் படியில் தெரியும்.

படி 6: கந்தகமும் காவலும்

என் ஷீட்டுக்கு நடந்தது இதுதான்.

புறஊதா ஒளியின் ஆற்றல் சங்கிலியின் கார்பன் பிணைப்பை உடைக்கப் போதுமானது. 300 நானோமீட்டர் ஒளிக்கு மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல், பிணைப்புக்கு 350-க்கும் சற்றுக் குறைவு. சுத்தமான பாலிஎத்திலீன் அந்த ஒளியை உறிஞ்சாது. ஆனால் உருக்கும்போதே அங்கங்கே ஆக்சிஜன் ஏறி அசுத்தப் புள்ளிகள் உண்டாகிவிடுகின்றன. அவை உறிஞ்சும். சங்கிலி உடைந்தால் முனையில் ஜோடி இல்லாத எலக்ட்ரானோடு ஒரு துண்டு அலையும். அது ஆக்சிஜனைப் பிடித்து, பக்கத்துச் சங்கிலியையும் கெடுக்கும். ஒரு வீட்டில் பிடித்த தீ தெரு முழுக்கப் பரவுவது போல.

இதைத் தடுக்க ஹால்ஸ் என்ற அமீன் வகைப் பொருளைக் கலக்கிறார்கள். அலையும் துண்டைப் பிடித்து அடக்கிவிட்டு, மீண்டும் தன் பழைய வடிவுக்கே வந்து அடுத்த துண்டைப் பிடிக்கப் போகும். ஒரே காவலர் தேயாமல் பலமுறை வேலை செய்வதால்தான் மிகக் கொஞ்சம் கலந்தாலும் ஷீட் மூன்று ஆண்டு நிற்கிறது. அது இல்லாத சாதாரணப் பாலித்தீன் பை கொடியில் தொங்கவிட்டால் சில மாதத்தில் தூளாவதைப் பார்த்திருப்பீர்கள்.

அமீன் காரத்தன்மை உள்ளது. கந்தகம் எரிந்தால் வரும் வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு. உப்பான காவலரால் எழுந்து நிற்க முடியாது. ஜெர்பெரா பக்கத்தில் நான் வாரக்கணக்கில் காவலர்களை உப்பாக்கிக்கொண்டிருந்தேன். குளோரின் உள்ள மருந்துகளும் இதே வேலையைச் செய்யும். நாம் சாதாரணமாக அடிக்கும் மான்கோசெப் என்ற பூஞ்சைமருந்திலும் கந்தகம் உண்டு. மண்ணைச் சுத்தப்படுத்தப் போடும் மெட்டாம் சோடியமும் அப்படித்தான்.

ஆய்வாளர்கள் இதற்குக் கண்ட தீர்வு நேர்த்தியானது. அமீனின் நைட்ரஜனில் ஓர் ஆக்சிஜனை இணைத்துவிட்டார்கள். காரத்தன்மை வெகுவாகக் குறைகிறது, அமிலம் வந்தாலும் ஒட்டுவதில்லை, காவல் வேலை மட்டும் தொடர்கிறது. நார்-ஹால்ஸ் என்று துண்டறிக்கையில் இருந்தால் அது இதுதான். கூடவே அமிலத்தை உறிஞ்சத் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பதும் உண்டு. 'ஆன்டி-சல்ஃபர்' என்று பொதுவாகச் சொல்வதை நம்பாமல், ஷீட்டில் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கந்தகம் வரை உத்தரவாதம் செல்லும் என்று எழுதி வாங்குங்கள். சிதைந்த ஷீட்டை ஆய்வகத்தில் கொடுத்தால் அதில் எவ்வளவு கந்தகம் ஏறியிருக்கிறது என்று அளந்துவிடுவார்கள். அந்த எண்தான் உங்கள் வழக்கைத் தீர்மானிக்கும்.

நடைமுறையில்: மருந்தைச் செடிக்கு அடியுங்கள், கூரைக்கு அல்ல. அடிக்கும்போதும் அடித்த பிறகும் பக்கத் திரைகளைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். பூச்சிகளுக்காக மூடி வைப்பது ஷீட்டைப் புகையில் ஊறப்போடுவது. கந்தகப் பானை தவிர்க்கவே முடியாதென்றால் கூரையிலிருந்து நன்றாகக் கீழே தொங்கவிட்டு, மேலே ஒரு தகரத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

படி 7: ஆண்டுக்கு ஒரு முறை இழுத்துப் பாருங்கள்

மாசி மாதம் ஒரு நாள். பக்கத் தொங்கலில் வெயில் படும் ஓரத்தில் ஒரு பட்டை வெட்டி, பெட்டியில் வைத்த புது ஷீட்டிலும் ஒரு பட்டை வெட்டி, இரண்டையும் இழுங்கள். புதிது எவ்வளவு நீண்டதோ அதில் பாதிக்கும் கீழே பழையது இறங்கிவிட்டால், அது கூரையில் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கணக்கு முடிந்தது. ஆய்வகங்களும் ஆயுள் முடிவு என்று இந்தப் பாதியைத்தான் வைத்திருக்கின்றன. அடுத்த காற்றுக்கு முன் மாற்றத் திட்டமிடுங்கள்.

பாசியும் தூசியும் ஒளியைத் தின்னும். மென்மையான துடைப்பமும் வெறும் தண்ணீரும் போதும். கிழிசலுக்குப் புறஊதா தாங்கும் பாலிஎத்திலீன் டேப்பை, காய்ந்த பரப்பில், இரு பக்கமும் ஒட்டுங்கள். ஸ்டேஷனரி டேப் ஒரு மாதம் கூட நிற்காது.

படி 8: கழற்றுவது

நீலகிரிக்குள் வரும்போது சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அதே சாலையில் நம் ஷீட் சுருளும் லாரியில் ஏறி வருகிறது. அதனால் இறக்கி அனுப்பும் பொறுப்பு நமக்குக் கூடுதல் என்று நினைக்கிறேன். (பிளாஸ்டிக் பூக்கள் வந்து எங்கள் கொய்மலர் விலையைக் கெடுக்கின்றன என்று புலம்பும் நாங்கள் பிளாஸ்டிக் கூரையின் கீழ் உட்கார்ந்துதான் புலம்புகிறோம் என்பதும் தெரியும்.)

நொறுங்கத் தொடங்கும் முன் கழற்றுங்கள். நொறுங்கிய பிறகு கழற்றினால் பாதி துகளாகி மண்ணில் கலந்துவிடும், எடுக்கவே முடியாது. காய்ந்த நாளில், மண் படாமல், அகலமான பட்டைகளாக வெட்டிச் சுருட்டுங்கள். ஈரமும் சேறும் இருந்தால் மறுசுழற்சிக்காரர் விலை பேசவே மாட்டார். ஸ்பிரிங், டேப், கயிறு எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். சமவெளியில் இதை உருக்கிக் கறுப்புக் குழாயும் தொட்டியும் செய்கிறார்கள். வெயிலில் சங்கிலிகள் அறுந்துவிட்டதால் மீண்டும் தெளிவான ஷீட் ஆகாது. 2020-ல் பாலிஎத்திலீனைப் பிளாட்டினம் வினையூக்கியோடு 280 டிகிரியில் சூடாக்கி, சோப்புத் தொழிலுக்கு உதவும் மூலப்பொருளாக மாற்றிக் காட்டினார்கள் கலிஃபோர்னியா ஆய்வாளர்கள். அது தொழிற்சாலை அளவுக்கு வரும்வரை கறுப்புக் குழாய்தான் கதி. எரிக்காதீர்கள், ஓடையில் தள்ளாதீர்கள். நம் தேயிலைச் சரிவில் காட்டெருமை மேய்கிறது.

பழைய ஷீட்டைப் பாத்தியில் மூடாக்காக விரிப்பதும் வேண்டாம், அது அங்கேயே தூளாகும். மட்கும் மூடாக்கு என்று பிபிஏடி என்ற மட்கும் பிளாஸ்டிக்கில் ஷீட் விற்கிறார்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 17033 அதை 20 முதல் 28 டிகிரி மண்ணில் வைத்து, இரண்டு ஆண்டில் 90 சதவீதம் மட்க வேண்டும் என்று கேட்கிறது. நம் மண் ஆண்டின் பெரும்பகுதி அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. வாங்கினால் ஒரு பாத்தியில் மட்டும் போட்டு, ஒரு துண்டை வலைப்பையில் வைத்துப் புதைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோண்டிப் பார்த்துவிட்டு மேலே யோசியுங்கள்.

கடைசிச் சுருளை லாரியில் ஏற்றும் முன், ஜன்னல் பக்கம், உச்சி, குழாய் தொட்ட இடம் என மூன்று இடங்களில் ஒவ்வொரு சாண் வெட்டி, இடத்தையும் தேதியையும் எழுதிப் பெட்டியில் போடுங்கள். என் பெட்டியில் இப்போது ஒன்பது துண்டுகள் இருக்கின்றன. அதில் ஜெர்பெரா பக்கத்துத் துண்டை மட்டும் மடிக்காமல் அட்டையில் வைத்திருக்கிறேன். தொட்டால் உடையும்.